கற்போம் வாருங்கள்: புது உலாவியில் முதல் உலா



கைப்பேசியில் கடல் நிலவரம் பார்க்கிறோம், வங்கிக் கணக்கு பார்க்கிறோம். இந்த இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். நம்மில் பலபேர் அதை 'கூகுள்' என்றே சொல்கிறோம். கூகுள் என்பது தேடித் தரும் இடம். அங்கே நம்மைக் கூட்டிப்போகும் வண்டிதான் உலாவி.

வைத்திக்குப்பத்தில் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு புது வண்டியை ஓட்டிப் பார்த்தோம். பெயர் 'உலா'. சோஹோ நிறுவனம் 2023ல் வெளியிட்டது. பெயரைக் கேட்டதும் ஓர் அக்கா, "மாசி மகத்துக்கு நம்ம கடற்கரைக்கு சாமி வருதே, அந்த உலாவா?" என்று கேட்டார். அதே சொல்தான்!

முதலில் கண்ணில் பட்டவை

1. பழகக் கஷ்டம் இல்லை. குரோம் உலாவிக்கு அடித்தளமான குரோமியத்தின் மேல்தான் இதையும் கட்டியிருக்கிறார்கள்.

2. விளம்பரத் தொல்லை குறைவு. நாம் எங்கெங்கே போகிறோம் என்று பின்தொடர்ந்து வேவு பார்ப்பதையும் தடுக்கும் வசதி உண்டு.

3. பழைய உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் தானாக இங்கே வந்துவிடாது. அதனால் பழையதை அவசரப்பட்டு நீக்காதீர்கள்.

கடலைப் பார்த்தோம்

புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் தகவல் மையத் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரக் கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இன்று ஐதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசு நிறுவனத்தின் தளத்தை நாமே திறந்து, அலை, காற்று நிலவரத்தைப் பார்க்கலாம். நாங்களும் அதைத்தான் முதலில் திறந்தோம்.

ஒரு தங்கையின் கேள்வி

எங்கள் தங்கை ஒருவர் குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டு, வங்கி மாதிரியே இருந்த பக்கத்தில் ஓடிபி எண்ணைக் கொடுத்துவிட்டார். மீன் விற்ற பணம் 4,000 ரூபாய் போய்விட்டது. "இந்த உலாவி இருந்திருந்தா என் காசு தப்பிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

உறுதியாகச் சொல்ல முடியாது. தெரிந்த போலித் தளங்களை உலாவிகள் எச்சரிக்கும். ஆனால் இன்று காலையில் முளைத்த போலியை எந்த உலாவியும் அறியாமல் போகலாம். பூட்டுப் படம் இருந்தால் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் பொருள். எதிரே இருப்பவர் யோக்கியர் என்று பொருள் இல்லை.

ஆகவே எந்த உலாவியானாலும்:

* செய்தியில் வரும் இணைப்பு வழியாக வங்கிக்குள் போகாதீர்கள். வங்கிப் புத்தகத்தில் உள்ள முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

* எழுத்து எழுத்தாக முகவரியைப் படியுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு வாசல்.

* ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

* பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தளவு பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

ஒவ்வொருவரும் தன் கைப்பேசியில் உள்ள உலாவியின் பெயரைச் சொல்லுங்கள். பிறகு வங்கி முகவரியைத் தட்டச்சு செய்து, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிச் சரிபாருங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்கு அருகில் ஒருவர் உட்காரட்டும்.