பொம்மை வீடு செய்த பதிப்பாளர்

கேள்வி: புத்தகத்துக்குப் படம் வரைபவருக்கும் பதிப்பாளருக்கும் கணக்கு வழக்குக்கு அப்பால் சம்பந்தம் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற மாது, தாமே எழுதிச் சித்திரமும் தீட்டிய பீட்டர் என்னும் முயலின் கதையைப் பதிப்பாளர் பலர் நிராகரித்துவிட்டபடியால், 1901-ஆம் வருஷத்தில் சொந்தச் செலவிலேயே 250 பிரதிகள் அச்சிட்டுக்கொண்டார். படங்கள் வர்ணத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெடரிக் வார்ன் கம்பெனியார் அதை ஏற்று மறு வருஷமே வெளியிட்டார்கள். குழந்தையின் கைக்கு அடங்கும் சிறு புத்தகமாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதமோ அம்மையாருடையது. இரண்டும் சரியான யோசனைகளே.

பிறகு, துஷ்டச் சுண்டெலிகள் இரண்டின் கதைக்குப் பொம்மை வீடு ஒன்று மாதிரியாக வேண்டியிருந்தது. கம்பெனியைச் சேர்ந்த நார்மன் வார்ன், தம் சகோதரரின் மகளுக்கெனத் தம் கையாலேயே அப்படி ஒன்று செய்து கொடுத்திருந்தார். அதைப் போய்ப் பார்த்துவர முப்பத்தேழு வயதான அம்மையாருக்குத் தாயார் அனுமதி தரவில்லை. (இத்தகைய காவல் நம் தேசத்துக்கே உரியது என்றல்லவா எண்ணியிருந்தேன்!) நார்மன் சளைக்கவில்லை, வீட்டைப் புகைப்படம் பிடித்தும், பொம்மைகளை வாங்கியும் அம்மையாருக்கு அனுப்பிவைத்தார். கதையும் 1904-இல் வெளிவந்தது.

வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை என்று பெற்றோர் ஆட்சேபித்தும், 1905 ஜூலையில் அவ்விருவரும் விவாகம் செய்துகொள்ள நிச்சயித்தார்கள். ஆகஸ்டு மாதம் முடிவதற்குள் நார்மன் நோயுற்றுக் காலமானார். அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் அம்மையார் அதே கம்பெனிக்கே புத்தகங்கள் தந்துவந்தார்.