ஏக்கருக்கு நாற்பது மூட்டையா? ஆறு வயலில் கண்டுபிடிக்கும் வழி

சம்பா விதை வாங்கப் போகும் இடத்தில் “ஏக்கருக்கு நாற்பது மூட்டை நிச்சயம்” என்ற பேச்சு தஞ்சைப் பக்கம் சகஜம். 60 கிலோ மூட்டைக் கணக்கில் அது ஹெக்டேருக்கு ஏறக்குறைய 6 டன். டெல்டா முழுக்க அறுத்து நிறுத்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆறே வயலை வைத்து அந்தப் பேச்சைச் சோதிக்கலாம்.

இதற்கான கணக்கைத் தந்தவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். பார்லி சோதனைகளில் அவர் கையில் கிடைத்த அளவுகள் சொற்பம். 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட முறையே இன்றைய டி-சோதனை.

முதலில், எதை எதோடு ஒப்பிடுவது என்று எழுதி வைக்க வேண்டும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் 25 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு இப்படி 400 சதுரம். 6 டன் விளைந்தால் சதுரத்துக்கு 15 கிலோ வர வேண்டும். சந்தேகம் ‘குறைகிறதா’ என்பது மட்டும்தானா, ‘கூடவோ குறையவோ’ என்பதா? இதையும் அரிவாள் எடுக்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்து வயல் தேர்வு. பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே வயலில் ஆறு சதுரம் அறுத்தால் அது அந்த வயலின் கதையை மட்டுமே சொல்லும். கல்லணையை ஒட்டிய வயலும் பேராவூரணிக் கடைமடை வயலும் ஒரே தண்ணீரைப் பார்ப்பதில்லை. பல ஊர்களில் சீட்டுக் குலுக்கி வயலை எடுத்து, தென்மேற்கு மூலையிலிருந்து குலுக்கலில் வந்த எண்ணிக்கைப்படி அடி வைத்துச் சதுரத்தைக் குறிக்க வேண்டும். கதிர் நன்றாகச் சாய்ந்த இடமாகப் பார்த்து நிற்கக் கூடாது. எலி வெட்டிய இடம் வந்துவிட்டதே என்று மாற்றவும் கூடாது. சதுரத்தைச் சுருக்கினாலும் ஆபத்து: எல்லையோரப் பயிர்கள் உள்ளே சேர்ந்து, மகசூல் கூடுதலாகத் தெரியும். இதை 1940களிலேயே எடுத்துக்காட்டியவர் புள்ளியியலாளர் சுகாத்மே.

அறுத்து, அடித்து, தூற்றி நிறுக்கும்போது ஈரப்பதமானி கையில் இருக்கட்டும். 20 சதவீத ஈரத்தில் 15 கிலோ காட்டும் நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 14 கிலோதான். தேடுகிற வித்தியாசத்தையே ஈரம் விழுங்கிவிடும். எந்தச் சூத்திரமும் அதை மீட்டுத் தராது.

இனி கணக்கு. எடுத்துக்காட்டுக்கு, காய்ந்த எடைகள் 13.8, 14.6, 12.9, 15.2, 14.1, 13.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 14. ஒவ்வொரு எடையும் அதிலிருந்து விலகும் அளவை வர்க்கமாக்கிக் கூட்டினால் 3.42. எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 5ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 0.83. அதை 6இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.34. சொன்னதற்கும் கிடைத்ததற்கும் இடைவெளி 1 கிலோ. அது திட்டப் பிழையைப் போல 2.96 மடங்கு. அதுதான் டி.

டி அட்டவணையில் 5ஆம் வரிசை (ஆறில் ஒன்று குறைத்தது), 5 சதவீதம் (உண்மையான பேச்சைத் தவறாக மறுத்துவிடும் வாய்ப்பு): ‘குறைகிறதா’ என்றால் எல்லை 2.015, இருபுறமும் பார்த்தால் 2.571. இரண்டையும் தாண்டியாகிவிட்டது. 6 டன் பேச்சு நிற்கவில்லை. 1 சதவீதக் கண்டிப்பு வைத்தால் ‘குறைகிறதா’ எல்லையே 3.365, அங்கே விதைக்காரர் தப்பிவிடுவார். எடைகள் சராசரியைச் சுற்றி ஓரளவு சீராகப் பரவியிருந்தால்தான் இந்த எல்லைகள் செல்லும்.

இதே பட்டியலில் முதல் நான்கு வயலோடு நிறுத்தியிருந்தால்? சராசரி 14.1 கிலோ, டி 1.75, 3ஆம் வரிசையில் 5 சதவீத ‘குறைகிறதா’ எல்லை 2.353. பேச்சை மறுக்க முடியாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முக்கியப் பயிருக்கு ஊராட்சிக்குக் குறைந்தபட்சம் 4 அறுவடைப் பரிசோதனைகள்தான். அங்கே டி போடுவதில்லை. சராசரியை உத்தரவாத மகசூலோடு நேராக ஒப்பிட்டு இழப்பீட்டைத் தீர்மானிக்கிறார்கள். மேலே கண்ட நான்கு எடைகளின்படி, 95 சதவீத நம்பிக்கையோடு சொல்வதானால், அந்தச் சராசரி ஹெக்டேருக்கு 635 கிலோ கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.