கந்தரோடை: மண்ணும் நீரும் பழமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, யாழ் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவில் சுன்னாகம் அமைந்துள்ளது. அங்கிருந்து மேற்குப் புறமாகச் சிறிது தூரம் செல்லக் கந்தரோடைக் கிராமம் தொடங்குகின்றது. பனந்தோப்பும், செம்பாட்டுத் தோட்டமும், தாழ்நிலத்தே வயலும் குளமுமாக அமைந்த கமக்காரர் ஊர் இது. வீதியால் போவோருக்கு வலிகாமத்தின் ஏனைய கிராமங்களைப் போலவே தோன்றும். ஆயினும் இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மக்களின் வாழ்விடம் இத்தோட்ட மண்ணின் கீழேதான் புதைந்து கிடக்கின்றது.

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லாலானது. நிறைந்த துவாரங்களையும் வெடிப்புகளையும் உடைய இக்கல் மழைநீரை உறிஞ்சித் தன்னகத்தே தேக்கி வைக்கின்றது. அந்நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. எனவே கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலெழும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்று மழையே. அந்த மூன்று மாதத்து நீரைக் கொண்டே மீதி ஒன்பது மாதங்களையும் கழிக்க வேண்டும்.

குடாநாட்டில் ஆறு இல்லை என்று பள்ளியில் படிப்பிப்பதுண்டு. வற்றாத ஆறு இல்லை என்பதே சரியாகும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைவெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகத் தெற்கே சென்று அராலிப் பக்கத்தில் கடலேரியைச் சேர்கின்றது. அங்கே உவர்நீர் மேலேறாதபடி தடுப்பணை உண்டு. கோடையில் பார்த்தால் அது ஒரு வெறும் பள்ளமே. ஆனால் வழியிலுள்ள குளங்களையும் வயல்களையும் நிரப்பி, நீர் நிலத்தில் ஊறுவதற்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுப்பது இந்தப் பள்ளந்தான். வளமான செம்மண், நீர் தங்கும் தாழ்நிலம், வடகரைத் துறைகளுக்கு எட்டிய தூரம் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தமையாலேயே ஆதிமக்கள் இவ்விடத்தைத் தெரிந்தெடுத்தனர் எனலாம்.

இப்பழமையை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் சிவில் சேவை அதிகாரியாகவும் வரலாற்றறிஞராகவும் விளங்கிய போல் ஈ. பீரிஸ் ஆவார். இங்கு கிடைத்த நாணயங்கள், மணிகள், முருகைக்கல்லாலான சிறு தூபிகள் ஆகியன பற்றி 1917இலும் 1919இலும் அவர் கட்டுரைகள் வெளியிட்டார். 1926இல் முதலியார் செ. இராசநாயகம் தமது 'பண்டைய யாழ்ப்பாணம்' என்ற ஆங்கில நூலிலே, யாழ்ப்பாண வைபவமாலை கூறும் கதிரமலை இதுவே என்றார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் அகழ்ந்தபோது கறுப்பு சிவப்பு மட்பாண்டங்களும், தமிழகத்து அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை ஒத்த மட்பாண்டங்களும் வெளிவந்தன. உரோம நாணயங்களும் இவ்வூரிற் கிடைத்துள்ளன. வயலும் தோட்டமும் செய்தவர் கடல் வணிகத்தோடும் தொடர்பு வைத்திருந்தனர் என்பதற்கு இவை சான்று.

தூபிகளைப் பற்றி இன்று இனப் பூசலோடு கலந்த வாதங்கள் பல எழுகின்றன. அவை பௌத்த சின்னங்கள் என்பதை மறுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. அக்காலத்தில் தமிழரிடையேயும் பௌத்தம் பரவியிருந்தது. மணிமேகலையை அறிந்தவருக்கு இது புதுமையன்று. துறவியரின் நினைவாக எழுப்பப்பட்டவை அவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும்.

கயவாகு மன்னன் கொணர்ந்த கண்ணகி வழிபாட்டோடு அங்கணாமைக்கடவை அம்மன் ஆலயத்தை இணைத்துக் கூறுவது கர்ணபரம்பரைச் செய்தி. சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவில் கயவாகு கலந்துகொண்டமையைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கல்வித் துறையில் 1894இல் தொடங்கிய ஸ்கந்தவரோதயக் கல்லூரி இவ்வூருக்குப் பெருமை சேர்த்தது.

கமத்தொழிலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முன்னர் துலாவில் ஒருவரோ இருவரோ ஏறி மிதிக்க, கீழே நிற்பவர் பட்டையால் இறைத்து ஊற்றுவார். விடியற்காலையிலே இறைப்புத் தொடங்கிவிடும். பட்டை மேலே வந்து கவிழும் வேகமும் மனிதரின் களைப்பும் இறைப்புக்கு ஓர் எல்லையை வைத்திருந்தன. ஆட்டெருவும் மாட்டெருவும் போட்டு, பூவரசங்குழை தாழ்த்திப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் செய்தார்கள். பின்னர் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. உடம்பு தப்பியது, கிணறு தப்பவில்லை. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டக்காரர் கையில் நல்ல பணம் புழங்கியது. அக்காலத்தில் எழுந்த கல்வீடுகள் வலிகாமமெங்கும் உண்டு. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் அந்தச் செழிப்பைக் குறைத்தது. 1990களில் எரிபொருளும் யூரியாவும் தடைசெய்யப்பட்டபோது மூலையிற் கிடந்த துலாக்கள் மீண்டும் எழுந்தன.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தமை யாவரும் அறிந்ததே. 1996 சித்திரையில் திரும்பி வந்தவர்கள் முதலிற் செய்த வேலைகளில் ஒன்று கிணறு இறைத்துத் துப்பரவாக்கியது.

இன்று அக்கிணறுகளின் நிலையே கவலைக்குரியது. அளவுக்கு மேல் இட்ட இரசாயன உரத்தின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கென உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்துள்ளதை ஆய்வுகள் காட்டின. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகச் சுற்றாடலில் கிணற்று நீரிற் கழிவெண்ணெய் கலந்த செய்தி ஊரையே கலக்கியது. சுண்ணாம்புக் கல்லின் துவாரங்கள் நல்ல நீரை விடுவது போலவே கெட்டதையும் விட்டுவிடும். ஒருவரின் வளவில் ஊற்றியது மற்றவரின் கிணற்றில் வந்து நிற்கும்.

வழுக்கையாற்றின் போக்கிலும் குளங்களின் ஓரத்திலும் மண் நிரப்பி மதில் கட்டுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. மாரியில் வெள்ளம் வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் ஆறு நினைவுக்கு வருகின்றது. முன்னர் ஐப்பசிக்கு முன்பாக வாய்க்கால் வெட்டுவதும் குளம் தூர்வாருவதும் வயற்காரர் கூடிச் செய்யும் வேலை. அந்த மழையில் விளைந்த நெல்லிலேதான் தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, முதற் பிடியைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள்.