பழுக்காத பேரிக்காய்

பழமாகத் தின்றாலும் பேரியை நாம் ‘பேரிக்காய்’ என்றே சொல்கிறோம். அந்தப் பெயருக்கு முற்றிலும் பொருந்தும் ரகம் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அதன் பெயர் ‘பிளாக் வூஸ்டர்’. வூஸ்டர் நகரச் சின்னத்தில் மூன்று கறுப்புப் பேரிகள் உள்ளன. 1575-இல் முதலாம் எலிசபெத் அரசி அந்நகருக்கு வந்ததோடு இதைச் சேர்த்துச் சொல்வது அவ்வூர் மரபு.

சமையலுக்கான இத்தகைய பேரிகளை ஆங்கிலேயர் ‘வார்டன்’ என்றனர். ஷேக்ஸ்பியரின் ‘வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில், வார்டன் பணியாரத்துக்கு நிறமூட்டக் குங்குமப்பூ வாங்க வேண்டும் என்று ஒரு பாத்திரம் கணக்குப் போடுகிறது!

ஏன் இந்தக் கடினம்?

பேரியின் சதையில் தடித்த சுவருள்ள ‘கல் செல்கள்’ உண்டு. பல்லில் நறநறப்பது அவைதான். சாதாரணப் பேரி பழுக்கும்போது செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் கரைந்து சதை இளகும். சமையல் பேரியில் இது மிகக் குறைவு, துவர்ப்பும் அதிகம். ஆனால் அந்தக் கடினமே அதன் பலம். அக்டோபரில் பறித்துக் குளிர்ந்த அறையில் வைத்தால் குளிர்காலம் முழுவதும் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இது பெரிய செல்வம்.

சமைக்கும் முறை

தோல் சீவி, இரண்டாக நறுக்கி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடிச் சிறு தீயில் இரண்டு, மூன்று மணி நேரம் வேகவிட வேண்டும். சர்க்கரையை முதலிலேயே நிறையப் போட்டால் சதை இளகத் தாமதமாகும். பருப்பு வேகுமுன் புளி விட்டாற்போலத்தான். நெடுநேரம் வேகும்போது துவர்ப்புப் பொருளின் ஒரு பகுதி செந்நிறமாக மாறுவதால் வெள்ளைச் சதை இளஞ்சிவப்பாகிறது.

காக்கும் முறை

விதை போட்டால் இந்த ரகம் வராது. வேறொரு பேரிதான் முளைக்கும். தாய்மரக் குச்சியை வேறு வேரில் ஒட்டுக்கட்டியே தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். ரயில்வேயில் வரைபடம் இருந்தால் பழைய உதிரிப் பாகத்தை என்றும் மறுபடி செய்யலாம். இதற்கோ உயிருள்ள மரந்தான் வரைபடம். கடைசி மரம் பட்டால் ரகமே போய்விடும். அதனால்தான் கென்ட் மாவட்டத்து பிராக்டேலில் நூற்றுக்கணக்கான பேரி ரகங்களை மரமாகவே வளர்த்துக் காக்கிறார்கள்.

நம் வட இந்தியச் சந்தையில் கோடையில் வரும் ‘பத்தர் நாக்’ வேறு இனம், பச்சையாகவே தின்னலாம். ஆனாலும் கடினமான காய் அகப்பட்டால் எறியாமல் இம்முறையில் வேகவைத்துப் பாருங்கள். அதற்கு இவ்வளவு நேரம் வேண்டாம்.