ரோச்டேல் நகர மண்டபம்

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், மான்செஸ்டருக்கு அருகில் ரோச் ஆறு பாயும் ஊர் ரோச்டேல். முற்காலத்தில் இவ்வூர் கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது. தொழிற்புரட்சிக்குப் பின் பருத்தி ஆலைகள் பெருகின. ஆலை முதலாளிகளிடம் செல்வம் குவிந்தது. தொழிலாளர்களோ குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். அவர்கள் வாங்கிய மாவில்கூடக் கலப்படம் இருந்தது.

இந்நிலையை மாற்ற எண்ணிய தொழிலாளர் சிலர், சிறுகச் சிறுகச் சேமித்து 28 பவுண்டு முதல் திரட்டினர். 1844 டிசம்பர் 21ஆம் நாள், டோட் லேன் என்னும் தெருவில் சிறிய கடையொன்றைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி போன்ற சில பொருள்களே அங்கு இருந்தன. ஆயினும், பொருள் தரமானது, அளவு சரியானது. கிடைத்த இலாபமும் உறுப்பினர்களுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டது. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு இக்கடையே முன்மாதிரியாயிற்று.

1856இல் ரோச்டேல் தனக்கென நகர மன்றத்தைப் பெற்றது. மன்றம் கூடுவதற்கு ஏற்ற கட்டடம் தேவைப்பட்டது. இதற்கிடையே அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரவு தடைப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டன, பல குடும்பங்கள் பசியால் வாடின. போர் முடிந்த மறு ஆண்டு, 1866இல், அவ்வூரில் பிறந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் பிரைட் மண்டபத்திற்கு அடிக்கல் நாட்டினார். கிராஸ்லண்ட் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வடிவமைத்தார்.

1871இல் மண்டபம் திறக்கப்பட்டபோது, செலவு திட்டமிட்டதைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தது. மக்களின் வரிப்பணத்தில் இத்தனை ஆடம்பரம் தேவையா என்ற குறைகூறல் எழுந்தது. எனினும், அதன் அழகை மறுப்பார் இல்லை. வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் ஒளிவீசின. மன்னரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவரே என்பதை உணர்த்தும் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா காட்சி, பெருங்கூடத்தின் சுவரை அலங்கரித்தது.

1883இல் ஏற்பட்ட தீயில் மண்டபத்தின் கோபுரம் அழிந்தது. நகரத்தார் மனந்தளரவில்லை. மான்செஸ்டர் நகர மண்டபத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் 190 அடி உயரத்தில் புதிய கற்கோபுரத்தை வடிவமைத்தார். காலப்போக்கில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஊரின் வளம் குன்றியது. மண்டபத்தின் ஓவியங்களிலும் அழுக்குப் படிந்தது. பின்னர் விரிவான சீரமைப்புப் பணிகள் நடைபெற்று, 2024இல் மண்டபம் மீண்டும் திறக்கப்பட்டது. தன்னார்வலர்களும் இப்பணியில் கைகொடுத்தனர்.

டோட் லேன் கடை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. மண்டபத்திலிருந்து அங்கு நடந்தே செல்லலாம். ஒன்று வானளாவியது, மற்றொன்று எளிமையானது. ஆயினும், இரண்டும் பலரது பணம் ஒன்றுசேர்ந்து உருவானவை. பொதுப்பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்று ரோச்டேல் மக்கள் அன்று எழுப்பிய வினா, எந்த ஊர் மக்களும் எழுப்ப வேண்டிய வினாவே ஆகும்.