ஜாவாவும் கோபோலும்: ஒரு தசமப் புள்ளியின் பாடம்

கைப்பேசியில் கணக்கு இருப்பைப் பார்க்கும்போது, திரைக்குப் பின்னால் இரண்டு தலைமுறைக் கணினி மொழிகள் உரையாடிக்கொண்டிருக்கக்கூடும். வட்டியைக் கணக்கிடும் நிரல், 1959-ஆம் ஆண்டில் வணிகப் பயன்பாட்டிற்கென உருவாகத் தொடங்கிய கோபோலில் இருக்கலாம். அதனை அழைக்கும் நிரல், 1995-இல் வெளிவந்த ஜாவாவில் இருக்கலாம். 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்ப்பதற்காகப் பெங்களூரு நிறுவனங்கள் அந்நாளில் திருத்திக் கொடுத்த நிரல்களில் கோபோலில் எழுதப்பட்டவை ஏராளம். பல்லாண்டுகள் பிழையின்றி இயங்கிய கணக்கு விதிகளைப் புதிதாக எழுதுவதைவிட, ஜாவாவிலிருந்து அழைத்துப் பயன்படுத்துவது பல வேளைகளில் பாதுகாப்பானது. அதற்கான சோதனைச் சூழலை அமைக்கும் முறையைக் காண்போம்.

முதற்படியாக, ஜாவா உருவாக்கத் தொகுப்பையும் கோபோல் தொகுப்பியையும் கணினியில் நிறுவவேண்டும். பயில்வோருக்குக் கட்டற்ற மென்பொருளான குனுகோபோல் போதுமானது. இரண்டும் 64 பிட் அல்லது இரண்டும் 32 பிட் என ஒத்திருத்தல் கட்டாயம்.

இரண்டாவதாக, கோபோல் நிரலைப் பகிர்நூலகக் கோப்பாகத் தொகுக்கவேண்டும். ஜாவாவுக்கும் அதற்கும் இடையே ஜே.என்.ஐ. எனப்படும் இடைமுகத்தின் வழியே சி மொழியில் ஒரு சிறு பாலம் எழுதப்படும். கோபோலின் இயக்கச் சூழலை முதலில் தொடங்கிவைப்பது இப்பாலத்தின் பொறுப்பாகும். நூலகம் இருக்கும் அடைவின் பாதையை இரு தரப்புக்கும் அறிவிக்கத் தவறினால் அழைப்பு நிறைவேறாது.

மூன்றாவதாக, அழைக்கப்படும் கோபோல் நிரல் 'கோபேக்' என்னும் கட்டளையுடன் முடியவேண்டும். 'ஸ்டாப் ரன்' என முடிந்தால், அதனை அழைத்த ஜாவா நிரலும் உடன் நின்றுவிடும்.

நான்காவது படியே வாடிக்கையாளரின் பணத்தைத் தொடுவது. கோபோல் பதிவில் தசமப் புள்ளி சேமிக்கப்படுவதில்லை. அதன் இடம் நிரலின் வரையறையில் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். ரூ.1,250.75 என்பது 125075 என்றே இருக்கும். ஜாவா நிரல் அவ்வரையறையைப் பின்பற்றாவிடில், தொகை ரூ.1,25,075 ஆகி நூறு மடங்காகிவிடும். மேலும், ஜாவாவின் 'டபுள்' வகை எண்கள் இரும முறையில் அமைந்தவை. அவற்றில் 0.1, 0.2 இரண்டின் கூட்டுத்தொகை மிகச் சரியாக 0.3 ஆவதில்லை. ஆதலால் பணத்தொகைகளுக்கு 'பிக்டெசிமல்' வகையையே கையாளவேண்டும்.

சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர் விவரங்களை எடுத்தல் கூடாது. சுழியம், ஒரு பைசா, மிகைப்பற்றால் விளையும் எதிர்மறை இருப்பு, இடம்கொள்ளும் மிகப்பெரிய தொகை ஆகிய நான்கையும் கற்பனைக் கணக்குகளில் இட்டு, விடைகளைக் கையால் போட்ட கணக்குடன் ஒப்பிடவேண்டும்.

இந்த ஒப்பீடு வாடிக்கையாளருக்கும் உகந்ததே. சேமிப்புக் கணக்கிற்கான வட்டி, 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்பின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. தங்கள் கணக்குப் புத்தகத்தின் வட்டி வரியை ஒருமுறை தாங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஐயம் எழுந்தால் கிளை அலுவலரிடம் தயங்காமல் விளக்கம் கேளுங்கள்.