முகட்டில் மூடுபனி

திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர் திசை தவறுதல் அரிது. ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டை நகரின் நடுவே நிற்கிறது. காவிரிக்கு வடபால், 1987-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற திருவரங்கத்து இராசகோபுரம் 236 அடி உயர்ந்து விளங்குகிறது. வயல்வெளியில் நின்றாலும், வாய்க்கால் கரையில் நின்றாலும், இவ்விரண்டில் ஒன்று பெரும்பாலும் கண்ணிற்படும். ஊர் இருக்கும் திசை விளங்கிவிடும்.

இவ்வாறு அடையாளம் கண்டு நடந்து பழகிய மாணவர் பன்னிருவர், மார்கழித் திங்களில் ஒருநாள் தம் ஆசிரியருடன் பச்சைமலைக்குச் செல்கின்றனர் எனக் கொள்வோம். கொள்ளிடத்தைக் கடந்து துறையூரை அடைந்தால், வடக்கே அம்மலைத்தொடர் நீண்டு கிடப்பதைக் காணலாம். மலையாளி எனப்பெறும் பழங்குடி மக்கள் அங்கே சிற்றூர்கள் அமைத்து, உழுது பயிரிட்டு வாழ்கின்றனர். காட்டுவழியே நடக்க விரும்புவோர் முதலில் வனத்துறையின் இசைவைப் பெறுதல் வேண்டும். வழியறிந்த ஒருவரையும் துணையாகக் கொள்ளுதல் வேண்டும். 2018 மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்றோர் காட்டுத்தீயிற் சிக்கினர். 23 பேர் மாண்டனர். மலை அழகியது, ஆயினும் அதனை எளிதாக எண்ணுதல் தகாது.

அடிவாரத்தில் வானம் தெளிந்திருக்கும். முகட்டை அணுகியதும் வெண்படலம் ஒன்று நம்மைச் சூழ்ந்துகொள்ளும். இஃது எவ்வாறு நேர்கிறது? ஈரக்காற்று மலைச்சரிவைப் பற்றி மேலேறுகிறது. உயரே அழுத்தம் குறைவாதலால் அது விரிகிறது, விரிவதனாற் குளிர்கிறது. அப்பொழுது அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. கீழே நிற்பவன் அதனை மேகம் என்கிறான்; உள்ளே நிற்பவன் மூடுபனி என்கிறான்.

பனியுள் அகப்பட்டவனுக்குக் கோபுரமும் இல்லை, குன்றும் இல்லை, கதிரவனும் இல்லை. நேராக நடப்பதாகவே அவன் நினைப்பான். ஆனால் அவன் கால்கள் வளைந்து செல்லும். ஜெர்மனி நாட்டு அறிஞர் சிலர் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை மெய்ப்பித்தது. கதிரவனைக் கண்டு நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகச் சென்றனர். மேகம் மூடிய நாளிற் காட்டில் நடந்தவர்களோ, தம்மையறியாமல் வட்டமிட்டு, முன்பு கடந்த இடத்திற்கே மீண்டும் வந்தனர்.

ஆதலின், பனி சூழ்ந்தபொழுது குழுவே வழிகாட்டியாகும். வழியறிந்தவர் முன்னே செல்லவேண்டும். பொறுப்புள்ள ஒருவர் கடைசியில் வரவேண்டும். ஒவ்வொருவரும் தமக்கு முன்னும் பின்னும் உள்ளவரைக் கண்பார்வையினின்று நழுவவிடலாகாது. வழி பிரியும் இடந்தோறும் நின்று, தலைகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விரைந்து நடப்பவனுக்கு ஏற்ப அன்று, மெல்ல நடப்பவனுக்கு ஏற்பவே நடையின் வேகம் அமையவேண்டும். யாரேனும் பிரிந்துவிட்டால், அங்குமிங்கும் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்பது நலம். ஒரு நிமிடத்திற்கு ஆறு முறை ஊதலை ஊதி, ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஊதுவது மலையேறுவோர் உலகெங்கும் அறிந்த ஆபத்துக் குறியாகும்.

முகட்டை எட்டும் முன்னரே பனி அடர்ந்துவிட்டால் திரும்பிவிடுதல் இழுக்கன்று. மலை நாளையும் அங்கேயே இருக்கும். சென்ற பதின்மூவரும் குறைவின்றி மீண்டு, மாலையிற் கொள்ளிடப் பாலத்தின்மேல் வரும்பொழுது இராசகோபுரத்தைக் காண்பார்களாயின், அதுவே அந்நாளின் வெற்றியாகும். சமவெளியில் நமக்குக் கோபுரம் அடையாளம். மூடுபனியிலோ முன்னே நடக்கும் தோழனின் முதுகே அடையாளம்.